ஒரு தேசம், இரு மின்சாரம்

ஜப்பானில் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குக் குடிபெயரும் குடும்பத்தார், தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றுவதற்கு முன், மின்சார யந்திரங்களின் பின்புறத்தைத் திருப்பி, அங்கே 50 என்று பொறித்திருக்கிறதா, 60 என்றா, அல்லது இரண்டுமா என்று பார்த்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். பாஷையும் நாணயமும் ஒன்றாய், வீட்டு மின்சாரத்தின் அழுத்தமும் எங்கும் 100 வோல்ட்டாகவே இருக்கிற அத்தேசத்தில், மின்னோட்டம் மட்டும் ஏறத்தாழ ஃபுஜி ஆற்றுக்குக் கிழக்கே வினாடிக்கு 50 சுற்றும் மேற்கே 60 சுற்றுமாக ஓடுகிறது.

1895-இல் டோக்கியோவின் மின்விளக்குக் கம்பெனி ஜெர்மனியின் ஏ.இ.ஜி. யந்திரங்களை வாங்கியது; சற்றுப் பின்னர் ஒசாகாக் கம்பெனி அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் யந்திரங்களைத் தருவித்தது. முன்னவை 50, பின்னவை 60. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல யந்திரங்களே. அவற்றைச் சுற்றி இரண்டு பிரதேசங்கள் வளர்ந்துவிடும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்!

விளக்குக்கு இந்த பேதம் பெரிதல்ல. மின்னோட்டத்தின் சுற்றையே தாளமாகக் கொண்டு சுழலும் மோட்டாருக்குத்தான் சங்கடமெல்லாம். ஒசாகாவில் சரியாக ஓடிய அத்தகைய கடிகாரம், டோக்கியோவில் ஒரு மணி நேரம் கழியும்போது ஐம்பது நிமிஷமே காட்டும். ஒரு நாளில் நான்கு மணி நேரம் பின்தங்கிவிடும். டோக்கியோவின் இசைத்தட்டுக் கருவியோ ஒசாகாவில் நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 40 சுற்றுச் சுழன்று, நிதானமான பாட்டையும் கீச்சுக் குரலில் விரட்டும். இதற்காகவே அக்கருவிகளில் பலவற்றோடு, மோட்டார்த் தண்டில் மாட்டும் சிறிய கப்பி இரண்டு அளவில் கிடைத்தது. 60-க்கு உரியது சற்றே மெலிந்தது. மோட்டார் எவ்வளவு விரைகிறதோ அவ்வளவுக்குக் கப்பியின் சுற்றளவைக் குறைத்துத் தட்டின் வேகத்தைச் சமன்செய்த அந்த எளிய உபாயத்தை நான் மிக உயர்ந்ததாகவே மதிக்கிறேன்.

தேசம் முழுவதற்கும் அப்படியொரு கப்பி இல்லை. ஒரு பிரதேசத்தின் மின்சாரத்தை மற்றதற்கு அனுப்ப, அதை நேர்மின்னோட்டமாக்கி, மீண்டும் வேறு சுற்றில் மாறுமின்னோட்டமாக்கும் நிலையங்கள் வேண்டும். அவற்றில் முதலாவது 1965-இல் சகுமாவில் எழுந்தது. 2011 மார்ச்சில் பூகம்பமும் ஆழிப்பேரலையும் கிழக்கின் மின்நிலையங்களை முடக்கியபோது, இந்நிலையங்கள் மொத்தமாக மாற்றித் தரக்கூடியது சுமார் 10 லட்சம் கிலோவாட்டே. மேற்கே மின்சாரம் இருந்தும், டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களில் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்த நேர்ந்தது. அதன்பின் ஹிடா-ஷினானோ நிலையமும் சேர்ந்து, 2021-இல் இந்த அளவு 21 லட்சமாயிற்று.