வினைமுற்றின் பால்விகுதியும் திருநர் வாக்குமூலமும்

திருநர்மீது நிகழ்த்தப்படும் வன்முறை, அதனைப் பதிவு செய்யும் மொழியிலும் தொடர்வதுண்டு. தாக்கப்பட்ட திருநங்கையின் வாக்குமூலம் மொழிபெயர்க்கப்படும்போது வினைமுற்றின் பால்விகுதி இதற்கு வாயிலாகிறது. அவ்விகுதியைத் தேரும் நெறியை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்தியில் தன்மை வினையும் பால் காட்டும். ‘நான் போனேன்’ என்பதை ஆண் ‘மைம் கயா’ என்றும் பெண் ‘மைம் கயீ’ என்றும் கூறுவர். ஆதலின் இந்தி பேசும் திருநங்கை தம்மைப் பெண்ணாகக் கருதுவது அவர் வினையிலேயே விளங்கும். தமிழில் ‘போனேன்’ என்பது இருபாற்கும் பொது. மொழிபெயர்ப்பில் அக்குறிப்பு மறைந்துவிடுகிறது. பின்னர் அக்கூற்றுப் படர்க்கையாக மாற்றி எழுதப்படுகையில் ‘போனான், போனாள், போனார், போனது’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்பவர் எழுதுபவரேயன்றிப் பேசியவர் அல்லர்.

தொல்காப்பியம் ஆண்மை திரிந்தாரை உயர்திணையில் வைத்து, அவர்க்கெனத் தனி ஈறு இல்லை என்றும், ஆண்பால் ஈறு ஏலாது என்றும் விதிக்கிறது. நன்னூலோ, பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் கொள்கிறது. ஈண்டுப் பாலை வரையறுப்பது விருப்பமே என்பது கருதத்தக்கது. ஆயின் இருவரையும் அஃறிணை போலக் கூறவும் அந்நூல் இடந்தருகிறது. இக்காலத்தில் ‘அது’ என்பது இவர்களைக் குறிக்கையில் இழிவுரையாகவே வழங்குதலின் அவ்விதி பின்பற்றத்தக்கதன்று.

2014 ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே வரையறுத்துக் கொள்ளும் உரிமையை ஏற்றது. பெண் இணையர் இருவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 முதல் பிறப்பித்த ஆணைகளின் தொடர்ச்சியாக, தமிழ்நாடு அரசு 2022இல் மதிப்புக்குரிய கலைச்சொற்களை அரசிதழில் வெளியிட்டது. எனினும் பெயர்ச்சொல் திருந்தினால் மட்டும் போதாது. ‘திருநங்கை கூறினான்’ என்னும் தொடர், எழுவாயில் அளித்த மதிப்பைப் பயனிலையில் பறித்துவிடுகிறது.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் பேசுவோர் தமக்குக் கொண்ட பாலையே படர்க்கையிலும் காத்தல் வேண்டும். அது விளங்காவிடத்து ‘-ஆர்’ விகுதி பொருந்தும். ஆவணத்தில் பிற பெண்டிர்க்கு ‘-ஆள்’ வருமாயின் திருநங்கைக்கும் அதுவே வருதல் முறை. ஆனால் தாக்கியவர் வாய்மொழியாக மேற்கோளில் வரும் ‘அது’ என்பதை ‘அவர்’ எனத் திருத்தலாகாது. 2019ஆம் ஆண்டுத் திருநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்லால் இழைக்கும் கொடுமையையும் குற்றமாக்கியது. அங்கு அவ்விகுதி குற்றத்தின் சான்றாகும்.