கரும்பு வகுத்த தடங்கள்: மொரீஷியஸ் தீவில் பேருந்துப் பயணம்

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் அமைந்த மொரீஷியஸ் தீவு, வடக்கு தெற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமும் கிழக்கு மேற்காக 45 கிலோமீட்டர் அகலமும் மட்டுமே உடைய சிறு நிலப்பரப்பாயினும், அதன் கரையை ஒட்டியவாறு முழுச் சுற்றாக ஓடும் ஒற்றைப் பேருந்துத் தடம் எதுவும் அங்கு இல்லை. கடற்கரை விடுதிகளையே எண்ணிச் செல்லும் பயணிக்கு இது ஒரு குறையாகத் தோன்றக்கூடும். ஆனால் இதற்கான காரணத்தைத் தேடினால் அந்தத் தீவின் வரலாறே விடையாகக் கிடைக்கிறது. 1864ஆம் ஆண்டில் வடக்கு நோக்கியும், அதற்கடுத்த ஆண்டில் நடுமேட்டைக் கடந்து தென்கிழக்கு நோக்கியும் ஆங்கிலேயர் அமைத்த இருப்புப் பாதைகள், கரும்பாலைகளின் சர்க்கரையைத் தலைநகரான போர்ட் லூயிஸ் துறைமுகத்திற்குக் கொண்டு சேர்க்கும் நோக்கம் உடையவையாதலின், துறைமுகத்திலிருந்து கைவிரல்களைப் போலப் பிரிந்து சென்றன. பயணிகள் ரயில் 1956இலும் சரக்கு ரயில் 1964இலும் நின்றுபோன பின்னர், அந்த விரல்களின் வழியையே பெரும்பாலும் பேருந்துகள் பின்பற்றலாயின. மக்கள் பேச்சில் பேருந்து நிலையத்திற்கு இன்றும் ‘லகார்’ என்ற பெயரே வழங்குகிறது. ரயில் நிலையத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் கிரியோல் வடிவம் அது. பிரெஞ்சுச் சொற்களை அடியாகக் கொண்டு அடிமைகளிடையே உருவாகி, இன்று தீவினர் ஏறக்குறைய அனைவருக்கும் பொதுவாகிவிட்ட மொழியே கிரியோல் எனப்படுவது.

ஆகவே மொரீஷியஸைப் பேருந்தில் சுற்ற விரும்புவோர், ஒரு விரலின் நுனிவரை சென்று, சந்திப்பு ஊரில் இறங்கி, அடுத்த விரலுக்கு மாற வேண்டியிருக்கிறது. இந்தச் சந்திப்பு ஊர்களே தீவின் உண்மையான முகத்தைக் காட்டுபவை என்பதும், வாடகைக் காரில் விரைவோர் இவற்றைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர் என்பதும் வலியுறுத்திச் சொல்லத்தக்கவை.

பேருந்துகளை அரசுக் கழகமும் சில தனியார் நிறுவனங்களும் இயக்குவதோடு, ஓரிரு வண்டிகளை மட்டுமே வைத்திருக்கும் தனி உரிமையாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாக இணைந்தும் இயக்குகின்றனர். ‘ரெசெவர்’ எனப்படும் நடத்துநர் இருக்கைக்கே வந்து, செல்லும் தொலைவைக் கேட்டுக் கட்டணம் பெற்றுச் சீட்டுக் கொடுப்பார். இடையில் ஏறும் பரிசோதகர் கேட்கக்கூடுமாதலின் அச்சீட்டை இறங்கும்வரை வைத்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டிலிருந்து மாணவர்களுக்கும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் இருப்பதால், காலை நெரிசல் ஓய்ந்த பின் ஓடும் வண்டிகளில் சந்தைக்குச் செல்லும் மூதாட்டியரையே மிகுதியாகக் காணலாம். கட்டணமாக நீட்டும் பணத்தாளிலும் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: மொரீஷியஸ் ரூபாய்த் தாள்களில் அவற்றின் மதிப்பு தமிழ் எழுத்திலும் அச்சிடப்படுகிறது. 1998இல் வெளியான தாள்களில் தமிழுக்கு வழக்கமாக இருந்த இடம் மாற்றப்பட்டபோது, அங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததன் விளைவாக அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன.

போர்ட் லூயிஸில் பேருந்து நிலையங்கள் இரண்டு. நடுமேட்டுக்கும் தெற்கிற்கும் செல்லும் வண்டிகள் விக்டோரியா நிலையத்திலிருந்தும், வடபகுதிக்குச் செல்பவை ‘இமிகிரேஷன் ஸ்கொயர்’ எனப்படும் குடியேற்றச் சதுக்கத்திலிருந்தும் புறப்படுவது நெடுநாள் வழக்கம். பின்னதன் பெயர்க்காரணம் சில அடிகள் தள்ளிக் கருங்கல் படிகளாகவே நிற்கிறது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டதையடுத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக, குறிப்பிட்ட ஆண்டுகள் குறிப்பிட்ட கூலிக்கு உழைக்க உடன்படும் ஒப்பந்தக் கூலிமுறையை ஆங்கிலேய அரசு 1834இல் இங்குதான் சோதித்துப் பார்த்தது. அவ்வாண்டு முதல் 1920 வரை ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர், கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வந்து இறங்கிப் பதிவு செய்யப்பட்ட கூடத்தின் எச்சமே இன்று ‘ஆப்ரவாசி காட்’ என்னும் பெயரில், 2006ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் போற்றப்படுகிறது. கடலிலிருந்து ஏறி வந்தோர் கால்வைத்தவை அப்படிகளே. அவற்றைப் பார்த்தபின் வடக்கு நோக்கிய வண்டியில் அமர்பவர், வந்திறங்கியோர் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட திசைகளில் ஒன்றிலேயே தாமும் செல்கிறார்.

தமிழர் வருகை இதற்கும் ஒரு நூற்றாண்டு முந்தியது. 1735இல் ஆளுநராக வந்து போர்ட் லூயிஸைத் துறைமுக நகராக்கிய மாயே த லா பூர்தொனே, கட்டட வேலைக்காகப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். 1746இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றியவரும் இவரே. அக்கைவினைஞர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் வாழ்ந்த பகுதி ‘மலபார் முகாம்’ என்று அந்நாளில் அழைக்கப்பட்டது. தமிழரையும் மலபாரிகள் என்று குறிப்பதே அன்றைய ஐரோப்பியர் வழக்கம். நகரின் கிழக்கு விளிம்பில் உள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்கு நகரப் பேருந்திலேயே செல்லலாம். தைப்பூசக் காவடி அத்தீவில் அரசு பொது விடுமுறை நாள்.

வடதடத்தில் முதலில் இறங்கத்தக்க ஊர் பாம்ப்லமூஸ். நாம் பம்பளிமாஸ் என்று சொல்லும் பழத்தின் பெயரே இவ்வூருக்கும் ஆகியிருப்பது, ஐரோப்பிய வணிகக் கப்பல்கள் பழங்களோடு சொற்களையும் கரைக்குக் கரை ஏற்றிச் சென்றதற்குச் சான்று. இங்குள்ள தாவரத் தோட்டத்தை விரிவாக அமைத்தவர் பியேர் ப்வாவ்ர்; அவரது குடும்பப் பெயரின் பொருள் மிளகு. சாதிக்காயையும் கிராம்பையும் தம் தனியுரிமையாக டச்சுக்காரர்கள் காத்துவந்த காலத்தில், 1770ஆம் ஆண்டளவில் அவற்றின் கன்றுகளைக் கீழைத்தீவுகளிலிருந்து மறைவாகக் கொணர்வித்து இங்கு வளர்த்தவர் அவர். ஒரு மீட்டருக்கும் மேல் அகன்று தாம்பாளம்போல் விளிம்பு மடிந்த இலைகளையுடைய அமேசான் அல்லி, முதல் நாள் வெள்ளையாகவும் மறுநாள் இளஞ்சிவப்பாகவும் பூப்பதைக் காணவே பெரும்பாலோர் வருகின்றனர். எனினும் அத்தோட்டத்தில் தமிழர் நின்று பார்க்க வேண்டியது தாளிப்பனை: ஓலைச்சுவடிக்கு ஏடு தந்த மரங்களுள் ஒன்றாகிய இது, பல பத்தாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே முறை உச்சியில் பெருங்கொத்தாகப் பூத்துக் காய்த்தபின் பட்டுவிடும். இதற்கும் வடக்கேயுள்ள கிராண்ட் பே முதலிய கடற்கரை ஊர்கள் விடுதிகளும் கடைகளுமாக நிறைந்தவை. அவற்றைப் பற்றி விளம்பரத் தாள்கள் போதிய அளவு சொல்லிவிட்டன.

தீவின் இயற்கை அமைப்பை உணர்த்தும் பயணம் போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பீப்புக்கு ஏறும் தடமேயாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரை அடைய ஒரு மணி நேரம் போதும். அதற்குள் காற்றின் தன்மையே மாறிவிடுகிறது. தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுதும் வீசும் வணிகக் காற்று நடுமேட்டில் மோதி மேலெழுந்து குளிர்வதால், அங்கு சில இடங்களில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்ய, மலைகளின் மறைவில் கிடக்கும் மேற்குக் கரைக்கு அதில் நான்கில் ஒரு பங்கே கிடைக்கிறது. போர்ட் லூயிஸில் வியர்வையோடு ஏறிய பயணி கியூர்பீப்பில் குடையோடு இறங்க நேர்வது அங்கு அன்றாட நிகழ்வு. அவ்வூரை ஒட்டிய த்ரூ ஓ செர்ஃப் என்னும் எரிமலை வாய், அதாவது முன்னொரு காலத்தில் குழம்பு பொங்கி வழிந்து இப்போது மரங்கள் அடர்ந்து குளிர்ந்து கிடக்கும் பெரும்பள்ளம், தீவு முழுவதுமே எரிமலையால் பிறந்தது என்பதை நினைவூட்டுகிறது. 2020இல் மக்கள் பயணத்திற்குத் திறக்கப்பட்ட மெட்ரோ மின்தொடர் 2022இல் கியூர்பீப் வரை நீட்டிக்கப்பட்டுவிட்டதால், இந்தத் தொலைவைப் பலர் இப்போது அதில் கடக்கின்றனர். அதன் பாதையும் பெரும்பகுதி பழைய ரயில் சென்ற வழியே.

கியூர்பீப்பிலிருந்து இறங்கும் தடங்கள் கரும்புக்காட்டினூடே செல்கின்றன. வயல்களின் நடுவே சிறு கோபுரங்கள் போலக் கருங்கற்கள் குவிந்திருப்பதைப் பேருந்தின் சன்னலிலிருந்தே காணலாம். எரிமலை உமிழ்ந்த அக்கற்கள் நிலமெங்கும் சிதறிக் கிடந்தமையால், அவற்றைக் கையால் பெயர்த்துச் சுமந்து அடுக்கிய பின்னரே கரும்பு நட முடிந்தது. அடிமைகளாகவும் பின்னர் ஒப்பந்தக் கூலிகளாகவும் அப்பணியைச் செய்தோருக்கு நினைவுச்சின்னம் வேறு தேவையில்லை. ஆயினும் அக்கற்குவியல்களுக்கு முன் நின்று விளக்கம் கூறும் பலகைகள் அரிதாக இருப்பது வருந்தத்தக்கதே. ஜூன் முதல் டிசம்பர் வரையிலான வெட்டுக் காலத்தில் கரும்பு ஏற்றிய லாரிகளின் பின்னே பேருந்து ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கும்.

தென்கிழக்குத் தடத்தின் முடிவிலுள்ள மாயேபூர், மேற்சொன்ன ஆளுநரின் பெயரைத் தாங்கிய அமைதியான மீனவ நகரம். திங்கட்கிழமைச் சந்தைக்காக அன்று பேருந்துகள் நிரம்பி வழியும். இதன் எதிரேயுள்ள விரிகுடாவில் 1810 ஆகஸ்டில் நிகழ்ந்த கிராண்ட் போர்ட் கடற்போரில் பிரெஞ்சுக்காரர் வென்றனர். பாரிஸ் வெற்றி வளைவில் அவ்வெற்றி பொறிக்கப்பட்டிருப்பினும், அதே ஆண்டு டிசம்பரில் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. காயமுற்ற இருதரப்புத் தளபதிகளும் சிகிச்சைக்காக வைக்கப்பட்டிருந்த ஒரே வீடு இன்று வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அவ்வூரிலேயே 1870 முதல் மரவள்ளிக் கிழங்கு மாவில் பிஸ்கட் செய்துவரும் குடும்பத் தொழிற்கூடம் ஒன்றும் பார்க்கத்தக்கது.

தென்கரைக்கு சூயாக் என்னும் ஊரே வாயில். தீவைப் பெரும்பாலும் பவளத்திட்டு சூழ்ந்துள்ளது. கடலுயிர்களின் சுண்ணாம்புக் கூடுகள் படிந்து படிந்து உருவான இவ்வரண் அலைகளைத் தடுப்பதால்தான் மற்றக் கரைகளில் கடல் குளம்போல் அமைதியாக இருக்கிறது. சூயாக்கை அடுத்த க்ரீ க்ரீ என்ற இடத்தில் அவ்வரண் அறுபட்டிருப்பதால், அலைகள் நேரே வந்து கரும்பாறைகளில் மோதுகின்றன. அங்கு நீராடுதல் உயிருக்கு இடர். இதற்கு மேற்கே, கடலை ஒட்டிய ஒடுங்கிய சாலையில் சென்றால், தென்மேற்கு முனையில் 556 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாக எழும் லெ மோர்ன் மலை தோன்றுகிறது. தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகளுக்கு அம்மலையின் குகைகளும் முகடும் புகலிடமாயின. 1835 பிப்ரவரி முதல் நாளன்று விடுதலைச் செய்தியைச் சொல்லவந்த காவலரைத் தம்மைப் பிடிக்க வந்தோராகக் கருதி, மேலிருந்தோர் பாறையிலிருந்து குதித்து மாண்டனர் என்று மக்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். 2008இல் இம்மலையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிப்ரவரி முதல் நாள் அங்கு பொது விடுமுறை. இப்பகுதியில் பேருந்துகள் குறைவாகவே ஓடுவதால், மலையைக் காண விரும்புவோர் ஒரு முழு நாளை இதற்கென்றே ஒதுக்குவது நல்லது.

நிலையங்களில் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தை வீணான நேரமாகக் கருத வேண்டியதில்லை. பீகாரிலிருந்து வந்தோர் கொண்டுவந்த பருப்புப் பூரி, அதாவது வேகவைத்து அரைத்த பருப்பை மாவுக்குள் வைத்து மெல்லிதாகத் தேய்த்துச் சுட்ட அப்பம், இரண்டிரண்டாக அடுக்கி, அவரைவிதைக் குழம்பும் தக்காளித் தொக்கும் தடவிச் சுருட்டித் தரப்படுகிறது. ‘காத்தோ பிமான்’ என்று பிரெஞ்சுப் பெயர் பூண்டு விற்கப்படுவது நம் பருப்பு வடையே. அதை ரொட்டிக்கு இடையில் வைத்து உண்பது தீவின் காலை வழக்கம். சப்ஜா விதையும் பாலும் கடற்பாசியும் சேர்ந்த ‘அலூடா’ என்ற குளிர்பானத்தைத் தலைநகரின் மத்தியச் சந்தையிலேயே பருகுதல் சிறப்பு.

பேருந்தில் பெரிய பெட்டிகளுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு. கால அட்டவணை நிலையத்திற்கு நிலையம் வேறுபடுவதால், ஊர் சேர்ந்தவுடன் திரும்பும் வண்டியின் நேரத்தை நடத்துநரிடமே கேட்டறிதல் வேண்டும். போர்ட் லூயிஸுக்கும் கியூர்பீப்புக்கும் இடையே இரவிலும் சில வண்டிகள் ஓடினாலும், கிராமத் தடங்களில் மாலை ஆறரை மணியளவிலேயே கடைசிப் பேருந்து சென்றுவிடுகிறது.