கூர்சீட்டும் கணினிப் பட்டாவும்

திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்திருந்தவர் இறந்துபோனால், 1980 வரை அந்தச் செய்தி அரசாங்கக் கணக்கில் ஏற அதிக தூரம் போக வேண்டியதில்லை. கிராமக் கணக்கரான கர்ணம் ஊரிலேயே இருந்தார். இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த மகள் எங்கே வாழ்க்கைப்பட்டாள், கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கருமாதி முடிந்ததும் பெரியவர்கள் திண்ணையில் கூடுவார்கள். பங்குகளைத் தனித்தனித் தாளில் எழுதிச் சுருட்டிப் போட, வீட்டுச் சிறுபிள்ளை ஒன்று எடுத்துக் கொடுக்கும். அந்தக் கூர்சீட்டைப் பெரும்பாலானோர் பதிவு செய்ததே இல்லை. ஊரறிந்ததற்குப் பத்திரம் எதற்கு என்பதே அன்றைய எண்ணம்.

1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்தன. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஒழிந்ததில் நியாயம் இருந்தது. கர்ணத்தின் நினைவு வேண்டியவருக்குத் துணையானது போலவே வேண்டாதவருக்கு வினையாகவும் ஆனதுண்டு. இன்று வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தர, வட்டாட்சியர் அலுவலகம் சான்று தருகிறது. வில்லங்கத்தைத் துபாயில் இருக்கும் மகன் கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறான். ஆனால் 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவேட்டுத் திருத்தத்தில் தாத்தாவின் பெயர் விடுபட்டிருந்தால், கணினியும் அந்தப் பிழையைத்தான் அச்சடித்துத் தரும். அதைத் திருத்த, பழைய ‘அ’ பதிவேட்டைத் தேடி மீண்டும் அலுவலகப் படியேற வேண்டும்.

கடற்கரையில் பங்கின் மதிப்பே தலைகீழானது. ஏரிப் பாய்ச்சல் உள்ள நஞ்சை அன்று முதல் பங்கு. சவுக்கு மட்டுமே வளரும் மணல் நிலம் ஒப்புக்குக் கொடுத்த பங்கு. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி விடுதிகளும் பண்ணை வீடுகளும் வந்தபின், ஒப்புக்கு வாங்கியவரின் பேரப்பிள்ளைகள் கோடிகளில் பேசுகிறார்கள். அன்று மனமுவந்து எடுத்த சீட்டைச் செல்லாது என்று சொல்ல இன்று வக்கீல் கிடைக்கிறார். மீனவக் குப்பங்களில் கட்டுமரத்தையும் வலையையும் ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரித்துக்கொண்டார்கள். ஃபைபர் படகுக்கு இன்று பதிவு எண் உண்டு, ஆகவே அதற்கும் பெயர் மாற்ற வேண்டும்.

மிகப் பெரிய மாற்றம் மகள்களின் கையெழுத்து. சீர் செய்து அனுப்பியதோடு அவர்கள் கணக்கு முடிந்தது என்றிருந்த காலத்தில், பூர்வீகச் சொத்துப் பத்திரத்தில் அவர்கள் பெயரைத் தேடத்தான் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் சட்டத்திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகளையும் மகனுக்குச் சமமான பங்காளியாக்கியது. அதற்கு முன்பே மணமானவர்களை மட்டும் விலக்கியது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது. இன்று அக்கா, தங்கை எல்லோரும் சார்பதிவாளர் முன் வந்து கைரேகை வைக்காமல் சொத்தை யாரும் வாங்குவதில்லை. பங்கை விட்டுக்கொடுத்தாலும் விடுதலைப் பத்திரம் வேண்டும்; குடும்பத்துக்குள் அதற்கான முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், 2023 ஜூலை முதல் அதிகபட்சம் 40,000 ரூபாய். பிறந்த வீட்டோடு மனக்கசப்பு சில இடங்களில் கூடியிருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்காமலிருந்த காலத்தின் அமைதிக்கு விலை கொடுத்தவர்களும் அவர்களே.

உயில் இருந்தால் கதை வேறு. 1870இல் வந்து, 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் தங்கிவிட்ட விதி ஒன்று, இந்துக்களின் உயில்களைச் சென்னை நகர எல்லையை வைத்துப் பிரித்தது. மயிலாப்பூரில் உட்கார்ந்து கோவளத்துத் தோப்பைப் பற்றி எழுதினால், நீதிமன்றத்தில் உரிமை கோரப் புரொபேட், அதாவது உயிலை மெய்யென ஏற்கும் நீதிமன்றச் சான்று, கட்டாயமாக இருந்தது. அதே தோப்பைப் பற்றிச் செங்கல்பட்டில் உட்கார்ந்து எழுதினால் தேவைப்படவில்லை. வாரிசுகள் எல்லோருக்கும் அறிவிப்பு, பத்திரிகை விளம்பரம், ஒருவர் ஆட்சேபித்தால் முழு வழக்கு என்று அந்த நடைமுறை நீளும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. விரும்புகிறவர் இப்போதும் புரொபேட் வாங்கலாம்.

எடுக்கப்படாமல் இருப்பது சாட்சி விதி. உயிலில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். வழக்கு வந்தால் அவர்களில் உயிரோடிருக்கும் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதில் விலக்கு இல்லை. முன்பு கையெழுத்திட்டவர் பக்கத்து வயல்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோதான். அவர் இறந்திருந்தாலும் அந்தக் கையெழுத்தை அடையாளம் சொல்ல ஊரில் நாலு பேர் இருந்தார்கள். இன்று அவசரத்துக்குப் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் நிற்கும் யாரோ ஒருவர் கையெழுத்திடுகிறார். இருபது ஆண்டு கழித்து, அவருடைய தகப்பனார் பெயரையும் பழைய கதவு எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு, அவர் எங்கே குடிபோனார் என்று பிள்ளைகள் தெருத்தெருவாக விசாரிக்கிறார்கள்.