ஏழரைச் சனி எப்போது முடிகிறது?

தனுசு ராசிக்காரர் ஒருவருக்கு ஏழரைச் சனி எப்போது விட்டது? 2022 ஏப்ரல் 29 என்பார் ஒரு ஜோதிடர். 2023 ஜனவரி 17 என்பார் இன்னொருவர். மூன்றாமவர் விரிக்கும் பஞ்சாங்கத்தில் 2023 டிசம்பர் 20 என்று இருக்கும். முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஆனாலும் மூன்றுமே முறையாகக் கணக்குப் போட்டுக் கிடைத்த தேதிகள்தான். இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், கோசாரம் என்கிற பெயர்ச்சிக் கணக்கு முழுவதும் விளங்கிவிடும்.

வகுத்தல் கணக்கு

சூரியன் ஓராண்டில் சுற்றி வருவதாக நமக்குத் தெரியும் வான்பாதையை 360 பாகையாகக் கொண்டு, 30 பாகைக்கு ஒன்றாக 12 ராசிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கிரகம் இந்த வட்டத்தை ஒருமுறை சுற்ற எடுக்கும் காலத்தைப் பன்னிரண்டால் வகுத்தால், ஒரு ராசியில் அது தங்கும் சராசரிக் காலம் கிடைக்கும்.

சந்திரனுக்கு ஒரு சுற்று 27.3 நாள். எனவே ராசிக்கு இரண்டேகால் நாள். பிறந்த ராசிக்கு எட்டாவதில் சந்திரன் இருக்கும் சந்திராஷ்டமம் இரண்டேகால் நாள் நீடிப்பது இதனால்தான். குருவுக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 12 ஆண்டு, ராசிக்கு ஓராண்டு. ராகுவும் கேதுவும் கோள்களே அல்ல. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள் அவை. அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் வட்டத்தை முடிப்பதால், ராசிக்கு ஒன்றரை ஆண்டு. சனிக்கு ஒரு சுற்று சுமார் 29½ ஆண்டு, ராசிக்கு இரண்டரை ஆண்டு. பிறந்தபோது சந்திரன் இருந்த ஜென்ம ராசிக்கு முந்தைய ராசியில் விரயச் சனி, ஜென்ம ராசியில் ஜென்மச் சனி, அடுத்ததில் பாதச் சனி என மூன்று ராசிகளைக் கடக்க ஏழரை ஆண்டு.

சூரியன் மாதம் ஒரு ராசி. ஆனால் ஆனி மாதம் 31 அல்லது 32 நாள் வர, மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடுகிறது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், வேகமாகச் செல்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் தொலைவில், மெதுவாகச் செல்கிறது. வான இயக்கத்தின் இந்த நுட்பம் நம் வீட்டு நாள்காட்டியிலேயே பதிந்திருக்கிறது.

பின்வாங்கும் சனி

சராசரி என்பது சராசரிதான். ஓடும் ரயிலிலிருந்து பார்த்தால், பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகப் போகும் வண்டி பின்னால் நகர்வதுபோலத் தெரியும். பூமி சனியை முந்திச் செல்லும்போதும் அப்படித்தான். இதுவே வக்கிரம். ஆண்டுக்கொரு முறை சனி சுமார் நாலரை மாதம் பின்னோக்கி நகர்ந்து ஏழு பாகை அளவுக்குத் திரும்பி வருகிறது.

அந்த நேரத்தில் ராசி எல்லை குறுக்கிட்டால் பெயர்ச்சியே இரண்டு முறை நடக்கும். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி 2022 ஏப்ரல் 29 அன்று, தனுசுக்கு அடுத்த ராசியான மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போனது. வக்கிரம் பெற்று ஜூலை 12 அன்று மகரத்துக்கே திரும்பியது. 2023 ஜனவரி 17 அன்று மறுபடி கும்பத்தில் நுழைந்தது. தனுசு ராசிக்காரருக்கு ஏழரை முடிந்து, மீண்டும் தொடங்கி, மீண்டும் முடிந்த கதை இதுதான்.

மூன்றாவது தேதி வாக்கியப் பஞ்சாங்கத்தினுடையது. வாக்கியம் பழைய சூத்திரங்களை வழிவழியாகப் பின்பற்றிக் கணிப்பது. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவீடுகளைக் கொண்டு கணிப்பது. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால், 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் பெயர்ந்தபோதும், தங்கள் கோயிலில் பெயர்ச்சி விழா 2026இல்தான் என்று அறிவித்தது. இரு முறைகளுக்கும் இடையே சனியின் இருப்பிடத்தில் சில பாகைகளே வித்தியாசம். சந்திரனுக்கு அந்தச் சில பாகை என்பது சில மணி நேரம். ஆண்டுக்குச் சராசரியாக 12 பாகை மட்டுமே நகரும் சனிக்கு அது பல மாதம்.

பலன் எப்போது?

ராசியில் இருக்கும் காலம் முழுவதும் ஒரே அளவாகப் பலன் தரும் என்று ஜோதிட நூல்களே சொல்லவில்லை. சூரியனும் செவ்வாயும் ராசியின் முதல் பகுதியிலும், குருவும் சுக்கிரனும் நடுப்பகுதியிலும், சந்திரனும் சனியும் கடைசிப் பகுதியிலும், புதன் முழுவதும் பலன் தருவதாகச் சொல்வது மரபு. ராசிக்குள் நுழையும் முன்பே பலன் தொடங்கும் என்றும் ஒரு கணக்கு உண்டு: சூரியனுக்கு 5 நாள், குருவுக்கு 2 மாதம், ராகுவுக்கு 3 மாதம், சனிக்கு 6 மாதம் என்கிறது ‘முகூர்த்த சிந்தாமணி’. அஷ்டகவர்க்க முறையோ ஒரு ராசியை 3¾ பாகை கொண்ட எட்டுக் கூறுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பலன் பார்க்கிறது. சனி ஒரு கூறைக் கடக்கச் சராசரியாக மூன்றே முக்கால் மாதம். ஏழரை ஆண்டும் இடைவிடாத துன்பம் என்ற பயத்துக்கு ஜோதிடத்திலேயே இடமில்லை.

கிரகம் எங்கே இருக்கிறது என்பது வானியல். அதைத் தொலைநோக்கியில் சரிபார்க்கலாம். அது நம் வாழ்வை மாற்றுகிறது என்பது நம்பிக்கை. அதற்குச் சான்று கிடைத்ததில்லை. வானியலாளர் ஜயந்த் நார்லிகர் மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனையில், மிகத் திறமையான மாணவர்களின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் ஜாதகங்களையும் கலந்து கொடுத்துப் பிரித்துச் சொல்லக் கேட்டார்கள். பங்கேற்ற 27 ஜோதிடர்களின் சராசரி வெற்றி 46 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வரும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஏழரைச் சனி எப்போதும் 12 ராசிகளில் மூன்றுக்கு நடக்கிறது. எட்டாம் ராசியில் வரும் அஷ்டமச் சனியையும் நான்காம் ராசியில் வரும் அர்த்தாஷ்டமச் சனியையும் சேர்த்தால் ஐந்து ராசிக்கு. ஏழரையை மட்டும் பார்த்தாலே, எந்த நாளை எடுத்தாலும் நம்மில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அதில்தான் இருக்கிறார். அவர்களில் தேர்வில் முதலிடம் பெறுபவர்களும், வீடு கட்டுபவர்களும், பிள்ளை பெறுபவர்களும் உண்டு. கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றுவது அவரவர் பக்தி. ஆனால் சனி விலகட்டும் என்று செய்ய வேண்டிய அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், படிக்க நினைக்கும் பெண்ணைத் தடுக்காதீர்கள். எந்தத் தேதியில் விலகுகிறது என்பதிலேயே இரண்டு பஞ்சாங்கங்கள் ஒத்துப்போகாதபோது, அந்தத் தேதிக்காக ஒரு வாழ்க்கையைக் காக்க வைப்பதில் நியாயமில்லை.