மீன் எண்ணெய் சாப்பிட்டால் தொந்தி கரையுமா?

தர்மபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் கடல் மீனின் எண்ணெய் பாலக்கோடு வரை வந்துவிட்டது!

தங்க நிறத்தில், கோலிக்குண்டு போல மினுமினுக்கும் மாத்திரை அது. அதை விழுங்கினால் தொந்தி கரையும், சர்க்கரை வியாதி குறையும் என்று பலர் நம்புகிறார்கள்.

அது உண்மையா?

தொந்தி எப்படி வருகிறது?

பாலக்கோடு வட்டாரம் தக்காளிக்கும் மாம்பழத்துக்கும் பெயர் பெற்றது. கரும்பும் விளைகிறது. கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இங்கே இருக்கிறது.

முன்பு இந்தப் பக்கத்து வீடுகளில் கேழ்வரகுக் களிதான் முக்கிய உணவு. களி தின்றவர்கள் பொழுது சாயும்வரை நிலத்தில் பாடுபட்டார்கள்.

இப்போது பல வீடுகளில் வேளைக்கு வேளை அரிசிச் சோறு. நடுநடுவே சர்க்கரை போட்ட டீ. நடை குறைந்துவிட்டது. உழைப்பும் குறைந்துவிட்டது.

செலவாகாத மாவும் சர்க்கரையும் எங்கே போகும்?

ஈரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றுகிறது. கொஞ்சம் ஈரலிலேயே தங்குகிறது. மீதி ரத்தத்தின் வழியாகப் போய் வயிற்றைச் சுற்றிப் படிகிறது.

ரத்தத்தில் மிதக்கும் அந்தக் கொழுப்புக்கு "டிரைகிளிசரைடு" என்று பெயர். வெறும் வயிற்றில் சோதித்தால் இது 150க்குக் கீழே இருக்க வேண்டும். 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கி, உயிருக்கே ஆபத்து வரலாம்.

இந்தியர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கை, கால் மெலிந்திருக்கும். வயிறு மட்டும் முன்னே வரும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை தேவை.

நாடு முழுவதும் எடுத்த ஒரு பெரிய மருத்துவக் கணக்கு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு சர்க்கரை வியாதி இருப்பதாக அது கூறியது. தமிழ்நாட்டில், வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு இந்த நோய்!

எஸ்கிமோக்களின் ரத்தம்

மீன் எண்ணெய்க்குப் புகழ் வந்தது பனி நாட்டிலிருந்து.

1970-ம் ஆண்டு வாக்கில் டென்மார்க் நாட்டு டாக்டர்கள் பாங், டயர்பெர்க் இருவரும் கிரீன்லாந்து சென்றார்கள். அங்கே வாழும் எஸ்கிமோக்கள் சீல், திமிங்கிலம், மீன் ஆகியவற்றையே பெரும்பாலும் தின்பவர்கள்.

அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. அவ்வளவு கொழுப்பைத் தின்றும், ரத்தத்தில் டிரைகிளிசரைடு குறைவாகவே இருந்தது!

"ஒமேகா-3" என்ற கொழுப்புச் சத்தே இதற்குக் காரணம் என்று கருதினார்கள். ஈரல் புதுக் கொழுப்பைத் தயாரித்து ரத்தத்தில் அனுப்புவதை இந்தச் சத்து மட்டுப்படுத்துகிறது.

எலி இளைத்தது, மனிதன் இளைக்கவில்லை

ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளுக்குக் கொழுப்பு உணவோடு மீன் எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவற்றின் உடம்பில் கொழுப்பு சேருவது குறைந்தது. "மீன் எண்ணெய் உடம்பை இளைக்க வைக்கும்" என்ற பேச்சு பரவ இதுவும் ஒரு காரணம்.

ஆனால் மனிதர்களிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. எடை குறையவில்லை, குறைந்தாலும் மிகச் சொற்பமே.

சர்க்கரை வியாதியையும் அது தடுக்கவில்லை. 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் நடந்த 83 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சி, 2019-ல் இதைத் தெளிவாக்கிற்று.

மாரடைப்பு?

பிரிட்டனில் 15,480 சர்க்கரை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு ஆலிவ் எண்ணெய் மாத்திரை. சுமார் 7 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2018-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இரண்டு பிரிவிலும் 100-க்கு 9 பேருக்கு வந்திருந்தன!

அப்படியானால் மீன் எண்ணெயால் பயனே இல்லையா?

ஒரு பயன் உறுதி. தினம் 4 கிராம் ஒமேகா-3 சத்து எடுத்தால், மிகுந்துபோன டிரைகிளிசரைடு 100-க்கு 20 முதல் 30 பங்கு வரை குறைகிறது.

ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரணமாக விற்கும் 1 கிராம் மாத்திரையில் ஒமேகா-3 சுமார் 300 மில்லிகிராம்தான். 4 கிராம் வேண்டுமானால் தினம் 13 மாத்திரை விழுங்க வேண்டும்! பணம் என்ன ஆவது?

இதற்காகவே செறிவான மருந்து தனியாக உண்டு. அதை டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் சாப்பிட வேண்டும். அளவு கூடினால் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது.

ஈரல் எண்ணெய் வேறு

முதுகில் பெரிய மீனைச் சுமந்து நிற்கும் மனிதனின் படம் போட்ட மருந்துப் பாட்டில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய். ஏ, டி வைட்டமின்கள் நிறைந்தது. ஒமேகா-3க்காக அதை அளவில்லாமல் குடித்தால், ஏ வைட்டமினே நஞ்சாகிவிடும்.

எந்த மீன் நல்லது?

வாரத்துக்கு இரண்டு முறை மீன் சாப்பிடும்படி இதய டாக்டர்கள் சொல்கிறார்கள். விலை உயர்ந்த மீன் தேவையில்லை. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மலிவான கடல் மீன்களில்தான் ஒமேகா-3 மிகுதி.

ஏரியிலும் அணையிலும் பிடிக்கும் கட்லா, ரோகு, கெண்டை மீன்களில் அந்தச் சத்து குறைவு. ஆனாலும் நல்ல புரதம் உண்டு.

மீனை எண்ணெயில் முறுகப் பொரித்தால், அந்த எண்ணெயும் தொந்தியில்தான் சேரும். ஊர்த் தக்காளியைக் கரைத்துக் குழம்பு வைப்பது மேல். குழம்பு ருசியாக இருக்கிறதென்று இன்னொரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டால் பலன் போய்விடும்!

சைவர்களுக்கு ஆளி விதை இருக்கிறது. அதிலுள்ள ஒமேகா-3 வேறு வகை. உடம்பு அதில் சிறு பங்கையே மீன் எண்ணெய்ச் சத்தாக மாற்றும்.

மருந்தை நிறுத்தாதீர்கள்!

மீன் எண்ணெயை நம்பி, சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடும்.

வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மருந்துகளைத் தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், 2021 ஆகஸ்ட் 5-ந்தேதி பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கியது. அந்த மருந்துக்குக் காசு இல்லை.

மீன் எண்ணெய் வாங்க வைத்த பணத்தை எடுத்து வையுங்கள். ஒரு அளவு நாடா வாங்கி, வீட்டில் எல்லோருடைய இடுப்பையும் அளந்து பாருங்கள். அளவு மிஞ்சினால் டீயில் சர்க்கரையையும் தட்டில் சோற்றையும் குறையுங்கள். தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். மூன்று மாதம் கழித்து அதே நாடாவை மறுபடி எடுங்கள்.