மயில்கழுத்து சத்தம்!

'மயில்கழுத்து' கலர் பட்டுப் புடவையை வெயில்ல பிடிச்சுப் பாருங்க. பாவு நீலம், ஊடை பச்சை. ஆனா, கண்ணுக்குத் தெரியறது ரெண்டும் இல்லை, மூணாவதா ஒண்ணு! எங்க ஆரணியில எல்.கே.ஜி. பையனுக்குக்கூட இது தெரியும். இந்த வித்தையை சத்தத்துல செய்ய முடியுமா? செஞ்சாச்சு பாஸ், 1967-லேயே!

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம். ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கம்ப்யூட்டரில் ஒரு சுருதியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நொடிக்கு ஐந்தாறு தடவை ஆட்டினால், நம்ம ஊர் கமகம் மாதிரி குழைவு. வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் குழைவு காணாமல் போய், புத்தம் புது வாத்தியம் பேச ஆரம்பித்தது! அதுதான் எஃப்.எம். சிந்தஸிஸ். ரேடியோ எஃப்.எம்.முக்கும் இதுக்கும் கணக்கு ஒண்ணுதான். (செமஸ்டர்ல பெஸல் ஃபங்ஷனைப் பார்த்து பயந்து ஓடின மக்களே, அது இங்கேதான் குடியிருக்கு!)

ரெண்டு அலையைச் சும்மா கூட்டினா ரெண்டு சத்தம்தான். ஒண்ணு இன்னொண்ணை ஆட்டணும். 200 ஹெர்ட்ஸ் அலையை 200-ஆலேயே ஆட்டினால் 400, 600, 800 என்று அடுக்கடுக்காகப் புது அலைகள் முளைக்கும். காதுக்கு இதம். 280-ஆல் ஆட்டினால் 480, 760... பெரும்பாலானவை சரியான மடங்கு இல்லை. 'டைங்ங்..!' கோயில் மணி!

அமெரிக்க ஆர்கன் கம்பெனிகள் இதை வேண்டாம் என்றன. ஜப்பானின் யமஹா வாங்கிக்கொண்டது. நடுவில் சௌனிங்குக்கு நிரந்தர வேலை தர மறுத்த ஸ்டான்போர்ட், 1975-ல் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. பிறகு இந்தக் காப்புரிமையில் அது சம்பாதித்தது 2 கோடி டாலருக்கும் மேல்! 1983-ல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்தது. ஆறு அலைகள், யார் யாரை ஆட்டுவது என்பதற்கு 32 வழிகள். மூணு வருஷத்தில், 1986-ல், நம்ம 'புன்னகை மன்னன்' படத்துக்கு கம்ப்யூட்டர் உதவியோடு இசையமைத்தார் இளையராஜா. கீபோர்டில் இருந்த இளைஞர் திலீப், பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான்.

எங்க தெருவுல பகல்ல தறி, ராத்திரி திருவிழா மேடையில கீபோர்டுனு ஒரு அண்ணன் இருக்கார். விசைத்தறின்னாலே அவருக்குக் கோபம் வரும். நியாயம்தான். சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டமே வந்தது. ஆனா, அவங்க குழுவுல முன்னாடி வாசிச்ச வயலின்காரர், புல்லாங்குழல்காரர் எல்லாம் இப்ப அவரோட கீபோர்டுக்குள்ள. வயலினுக்கு ஒதுக்கீட்டுச் சட்டம் கிடையாது. அதைக் கேட்டேன். பதில் சொல்லாம நாடாவை ஓட்ட ஆரம்பிச்சுட்டார்.

எனக்கு எஃப்.எம். பிடிக்கக் காரணமும் இதுதான். இன்னிக்கு கீபோர்டுகள் பெரும்பாலும் நிஜ வயலினைப் பதிவு பண்ணி வெச்சுக்கிட்டு ஒலிக்குது. எஃப்.எம். வயலின் மாதிரி நடிச்சா சுமார்தான். அதோட கெத்து, யாரும் வாசிக்காத சத்தத்தைப் பிறக்க வைக்கிறதுல!

காப்புரிமை 90-களிலேயே காலாவதி. டி.எக்ஸ்.7-ஐ அப்படியே கம்ப்யூட்டர்ல கொண்டுவர்ற 'டெக்ஸெட்' சாஃப்ட்வேர் இலவசம். ஆட்டும் அலையை 1.4 மடங்குல வெச்சு ஒரு கட்டையைத் தட்டுங்க... பக்கத்து ரூம்காரன் கன்னத்துல போட்டுக்குவான்!