பாதையின் உரிமையைப் பேணுவோம்

 



காலை ஏழு மணியளவில் அமிர்தகழியிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு வரும் வீதியைச் சற்று மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். வெள்ளைச் சீருடையில் சிறுவர் சிறுமியர் பாடசாலைக்கு நடந்து செல்கின்றனர். வாவியில் பிடித்த மீனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவர் சந்தைக்கு விரைகின்றார். முதியவர் ஒருவர் வீதியைக் கடப்பதற்காகக் காத்து நிற்கின்றார். ஆடி அமாவாசைக் காலம் வந்துவிட்டால் மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தத்துக்காக மக்கள் திரள் திரளாக நடந்து வரும் இடமும் இதுவே.

இவ்வீதியால் நம் பிள்ளைகளும் செல்கின்றார்கள். காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் தொழிலுக்காகவும் வகுப்புக்காகவும் உறவினரைக் காண்பதற்காகவும் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர்கள் பலர். அவர்களுக்கு முன்னால் நடந்து செல்பவர் எந்த மதத்தவர், எந்த ஊரவர் என்பது இங்கே கேள்வியன்று. அவர் அல்லாஹ்வின் படைப்பு. அவருடைய உயிர் அந்த ஒரு நிமிடத்தில் நம் பிள்ளையின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இந்த அமானிதத்தைப் பற்றியே இன்று சிந்திக்க இருக்கின்றோம்.

பாதைக்கும் உரிமை உண்டு

பாதையோரத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் கூறினார்கள். தமக்குக் கூடிப் பேச வேறு இடமில்லை என்று தோழர்கள் முறையிட்டபோது, அவ்வாறாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துவதும், ஸலாத்துக்குப் பதில் கூறுவதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அவ்வுரிமைகளுள் அடங்கும். அவற்றோடு சேர்த்து அன்னார் எடுத்துரைத்த மற்றொன்று, பிறருக்குத் துன்பம் கொடுக்காதிருத்தல் என்பதாகும். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதுகூட ஈமானின் ஒரு கிளை என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

முள்ளை அகற்றுவது ஈமானின் கிளை என்றால், நாமே அப்பாதையில் பெருந்தொல்லையாக மாறுவது எதன் கிளை என்பதை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கைப்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் வீதி விபத்துகளில் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரையிலானோரின் மரணத்துக்கு முதற்காரணம் நோயன்று, வீதி விபத்தேயாகும். நம் நாட்டிலும் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு மரணிக்கின்றனர். 2017, 2018ஆம் ஆண்டுகளில் இத்தொகை 3,000ஐயும் தாண்டியது. பாதசாரிகளும் மோட்டார் சைக்கிளில் செல்வோருமே அவர்களுட் பெரும்பகுதியினர்.

ஒரு விநாடியின் கணக்கு

"நான் நன்றாக ஓட்டுவேன், பிரேக் பிடித்தால் நின்றுவிடும்" என்று இளைஞர்கள் கூறுவதைக் கேட்கின்றோம். இக்கூற்று எவ்வளவு உண்மையென ஓர் எளிய கணக்கினால் பார்ப்போம்.

உங்களுக்குப் பதினைந்து மீற்றர் முன்னால் ஒரு சிறுமி திடீரென வீதிக்குள் ஓடி வருகின்றாள். அவளைக் கண்ணால் கண்டு, மூளை உணர்ந்து, கையும் காலும் பிரேக்கை அழுத்தத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு விநாடி செல்லும். எவ்வளவு கெட்டிக்காரச் சாரதியாயினும் இந்த ஒரு விநாடியில் அவருடைய வாகனத்தின் வேகம் குறைவதில்லை.

மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் அந்த ஒரு விநாடியில் சுமார் எட்டு மீற்றர் ஓடும். பின்னர் பிரேக் பிடித்து, நல்ல உலர்ந்த வீதியில் இன்னும் ஐந்து மீற்றரளவில் நின்றுவிடும். ஆகப் பதின்மூன்று மீற்றர். சிறுமி தப்பிவிட்டாள்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனமோ அந்த ஒரு விநாடியிலேயே பதினான்கு மீற்றரைக் கடந்துவிடும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்தில்தான் சிறுமி நிற்கின்றாள். வேகம் குறையாமலே வாகனம் அவள்மீது மோதும். அது முற்றாக நிற்பதற்கு ஏறத்தாழ இருபத்தெட்டு மீற்றர் தேவை.

மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே அவளைக் கடந்து சென்றிருப்பார். எப்படிக் கடந்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் ஈரமான வீதியிலும், தேய்ந்த டயர்களிலும், பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லும்போதும் இத்தூரங்கள் இன்னும் கூடும். ஆகவே கெட்டிக்காரத்தனம் சிறுமியைக் காப்பாற்றாது. குறைந்த வேகமே காப்பாற்றும். குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது சட்டம் அனுமதிக்கும் உச்ச எல்லை. அந்த வேகத்தில்தான் செல்ல வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. பாடசாலை, பள்ளிவாசல், கோயில், சந்தை ஆகியவற்றின் அருகே அதனிலும் குறைத்தே செல்ல வேண்டும் என்பதை மேற்சொன்ன கணக்கே உணர்த்துகின்றது.

காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் அழகாக நிற்கின்றன. அம்மரங்களின் மறைவிலிருந்து ஒரு குழந்தை அடியெடுத்து வைத்தால், சாரதிக்குக் கிடைப்பது எத்தனை மீற்றர் என்பதை அவ்வீதியால் செல்லும் ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்ளட்டும்.

சட்டத்துக்குக் கட்டுப்படுவதும் மார்க்கமே

நம் நாட்டின் வீதிகளை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் பின்னர் வந்த திருத்தங்களுமாகும். மோட்டார் சைக்கிள் ஓட்டப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். பாதசாரிக் கடவையில் கால் வைத்தவருக்கு வழிவிட வேண்டும். இவையெல்லாம் நாம் அறிந்தவையே. அறிந்தும் ஏன் மீறுகின்றோம்? "இது அரசாங்கத்தின் சட்டந்தானே, மார்க்கத்தின் சட்டமா?" என்ற எண்ணம் சிலரின் உள்ளத்தில் மறைந்திருக்கின்றது.

இக்கேள்விக்கு இஸ்லாமிய அறிஞர்கள் முன்பே விடை கூறிவிட்டனர். உலக முஸ்லிம் நாடுகளின் அறிஞர்களைக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகடமி, 1993ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புரூணையில் கூடிய தனது எட்டாவது அமர்வில், வீதி விபத்துகளைக் குறித்து ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. ஷரீஅத்துக்கு முரண்படாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்க ரீதியிலும் கடமையென அத்தீர்மானம் தெளிவுபடுத்தியது. வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு அதனை ஓட்டுபவர் பொறுப்பாளி என்பதையும், தவிர்க்கவே முடியாத நிகழ்வு போன்ற குறிப்பிட்ட சில நிலைகளில் மட்டுமே அவர் விலக்குப் பெறுவார் என்பதையும் எடுத்துரைத்தது.

தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர்மீது, இறந்தவரின் குடும்பத்துக்கு நட்டஈடு வழங்குவதையும், பரிகாரமாகத் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்பதையும் அல்குர்ஆனின் நான்காவது அத்தியாயம் விதித்துள்ளது. விபத்தைத் "தலைவிதி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் இவ்விதியைச் சிந்திக்கட்டும். கத்ரை நம்புவது நம் ஈமான். ஆனால் நம் கவலையீனத்தைக் கத்ரின்மீது சுமத்துவதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

நாட்டின் சட்டமும் இதனை இலேசாக எடுப்பதில்லை. கவலையீனத்தால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கத் தண்டனைச் சட்டக்கோவை இடமளிக்கின்றது.

பொலிஸாரைக் கண்டால் மட்டுமா?

வீதியில் நாம் காணும் ஒரு காட்சி. முழங்கையில் தொங்கும் தலைக்கவசம், பொலிஸாரைத் தூரத்தில் கண்டதும் தலைக்கு ஏறுகின்றது. அவர்களைக் கடந்ததும் மீண்டும் முழங்கைக்கு இறங்குகின்றது. முறையாக அணிந்த தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 வீதத்தாலும் மரணத்தை 42 வீதத்தாலும் குறைப்பதாக ஆய்வுகள் கண்டுள்ளன. கீழே விழும்போது தாரோடு மோதுவது பொலிஸாரின் தலையன்று; நம் தலையே.

இன்னொரு காட்சி. எதிரே வரும் முன்பின் அறியாத ஒருவருக்கு, "முன்னால் பொலிஸார் நிற்கின்றனர்" என்று முன்விளக்கை மின்னச் செய்து அறிவிக்கின்றோம். இதனை ஓர் உபகாரமாகவே எண்ணுகின்றோம். அவ்வாறு நாம் காப்பாற்றிய மனிதர் மது அருந்தியவராக இருக்கலாம். பதினைந்து வயதுச் சிறுவனாகவும் இருக்கலாம். பொலிஸாரிடமிருந்து தப்பிய அவர், அடுத்த சந்தியில் ஒரு தாயின் பிள்ளையைச் சந்திக்கின்றார். நன்மையில் ஒருவருக்கொருவர் உதவுங்கள், பாவத்தில் உதவாதீர்கள் என்பதன்றோ நமக்கிடப்பட்ட கட்டளை?

மூன்றாவது காட்சி இன்னும் கவலைக்குரியது. தண்டச்சீட்டைத் தவிர்ப்பதற்காகச் சிலர் அவ்விடத்திலேயே கையில் பணத்தை வைத்துக் கொடுக்க முயல்கின்றனர். வீதியில் தண்டப்பணத்தைப் பணமாகக் கையில் செலுத்தும் முறை சட்டத்தில் இல்லை. சீட்டைப் பெற்றுக்கொண்டு பதினான்கு நாட்களுக்குள் அஞ்சல் அலுவலகத்தில் செலுத்தலாம். அக்காலம் கடந்தால் தொகை இருமடங்காகும். இருபத்தெட்டு நாட்களும் கடந்தால் நீதிமன்றம் செல்ல நேரிடும். இம்முறைக்கு வெளியே கைமாறுவது இலஞ்சம். கொடுப்பவரும் வாங்குபவரும் சபிக்கப்பட்டவர்கள் என்பதை நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கின்றோம். கடமை தவறும் அதிகாரியைக் குறைகூறும் நாம், அவரைத் தவறச் செய்யும் கை நம்முடையதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் மகன் மோட்டார் சைக்கிள் கேட்கின்றான். "கூட்டாளிமாரிடம் எல்லாம் இருக்கின்றது வாப்பா" என்கின்றான். உம்மாவும் அவனுக்காகப் பரிந்து பேசுகின்றார். வயது பதினாறு. வாப்பா கடன்பட்டு வாங்கிக் கொடுக்கின்றார். அன்பின் காரணமாகவே கொடுக்கின்றார், அதில் ஐயமில்லை.

ஆயினும் அனுமதிப்பத்திரமில்லாத ஒருவரிடம் வாகனத்தைக் கொடுப்பது, கொடுத்தவரையும் குற்றவாளியாக்கும். அவன் யாரையேனும் மோதிவிட்டால் காப்புறுதி நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கவும் இடமுண்டு. அவ்வேளையில் காயப்பட்டவரின் குடும்பமும் நட்டஈடின்றித் தவிக்கும். நம் குடும்பமும் வீட்டையும் நகையையும் விற்க நேரிடும். மகனின் முகம் வாடுவதை இரண்டு ஆண்டுகள் பொறுத்துக்கொள்வது கடினந்தான். அவனது ஜனாஸாவைச் சுமப்பதோ, அவனால் இன்னொரு வாப்பா தன் பிள்ளையைச் சுமப்பதோ அதனிலும் ஆயிரம் மடங்கு கடினம்.

ரமழான் இரவுகளில் தராவீஹுக்குச் செல்வதாகக் கூறிப் புறப்பட்டு, வெறிச்சோடிய வீதிகளில் ஓட்டப் பந்தயம் நடத்துவோர் உள்ளனர். பெருநாள் தினத்தில் மூவர் நால்வராக ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறிப் பாசிக்குடாக் கடற்கரைக்கு விரைவோரும் உள்ளனர். பெருநாள் மகிழ்ச்சியின் நாள். அன்று எந்த வீட்டிலும் அழுகுரல் எழாதிருக்க, பிள்ளை எங்கே செல்கின்றான், யாருடன், எதில் செல்கின்றான் என்று கேட்பது பெற்றோரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

நடந்து செல்வோரும் கவனிக்க

நடைபாதை இல்லாத இடத்தில் வீதியின் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தவாறு நடக்க வேண்டும். அண்மையில் கடவை இருக்குமாயின் அதனாலேயே கடக்க வேண்டும். கடவைக்கு ஐம்பது மீற்றருக்குள் வேறிடத்தால் கடப்பது பாதசாரிக்கும் குற்றமாகும். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வீதியில் இறங்கலாகாது. நிற்கும் பஸ்ஸின் முன்பக்கத்தால் கடக்கலாகாது.

பஜ்ருக்கும் இஷாவுக்கும் செல்வோரும், மஃரிபுக்குப் பின் மத்ரஸா விட்டுவரும் பிள்ளைகளும், கறுப்பு அபாயா அணிந்த நம் சகோதரிகளும் இருளில் சாரதியின் கண்ணுக்கு எளிதில் தென்படமாட்டார்கள். கையில் சிறியதொரு டோர்ச் விளக்கு, பையில் ஒளிதெறிக்கும் பட்டி ஒன்று, இவை போதும். சாரதி தொலைவிலேயே கண்டுகொள்வார். மாடு வளர்ப்போரும் தம் மாடுகளை இரவில் கட்டிவைக்க வேண்டும். கட்டாக்காலி மாடு இருளில் வீதியின் நடுவே படுத்திருப்பதும் பாதையில் கிடக்கும் தொல்லையே.

விபத்தொன்று நேர்ந்துவிட்டால் ஓடிவிடாதீர்கள். வாகனத்தை நிறுத்துவதும், காயப்பட்டவருக்கு உதவுவதும், பொலிஸாருக்கு அறிவிப்பதும் சட்டக் கடமைகள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் கட்டணமின்றி வந்து சேரும். ஓடிப்போனவர் நீதிமன்றத்திலிருந்து தப்பினாலும், அனைத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவனிடமிருந்து தப்ப முடியாது.

அன்பானவர்களே! நாளை காலை வாகனச் சாவியைக் கையில் எடுக்கும்போது, பதினைந்து மீற்றர் முன்னால் நிற்கும் அந்தச் சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் உங்கள் தங்கையாக இருக்கலாம். அமிர்தகழியில் யாரோ ஒருவரின் ஒரே மகளாகவும் இருக்கலாம். அவள் பத்திரமாக வீடு சேர்வதே நாம் பாதைக்குக் கொடுக்க வேண்டிய உரிமையாகும்.

நம் கைகளாலும் நம் வாகனங்களாலும் எவருக்கும் தீங்கு நேராமல் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.